வசந்திக்கு, வயிற்றைப் பற்றி

மதுரை

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. கவிதாவுக்கு வரன் அமைந்த செய்தியை அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். "அந்தக் குட்டிக்கா கல்யாணம்!" என்று கண் கலங்கிவிட்டார். தை மாதம் என்றால் இன்னும் நாலு மாதம்கூட இல்லையே. புடவை எடுக்கப் போகும்போது சொல், நானும் வருகிறேன்.

ஆனால் கடைசியில் நீ எழுதியிருந்த நாலு வரிதான் இரண்டு நாளாக மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. எடை குறைக்கும் ஆபரேஷன் செய்து ஏழு மாதத்தில் 24 கிலோ குறைந்துவிட்டது, ஆனால் வயிறு பாடாய்ப் படுத்துகிறது, பஸ் ஏறவே பயமாக இருக்கிறது, யாரிடம் சொல்வது என்று. என்னிடம் சொல். நானும் அதே பயத்தோடு இரண்டு வருடம் வீட்டுக்குள் கிடந்தவள்தான். அப்போது உனக்குக்கூட எழுதவில்லை, அதற்கு இப்போது வருத்தப்படுகிறேன்.

எனக்கு 2021 மார்ச்சில் செய்தது பைபாஸ். இரைப்பையை முட்டை அளவுக்குச் சின்னப் பையாக்கி, சிறுகுடலின் முதல் பகுதி வழியாகச் சாப்பாடு போகாதபடி இணைத்துவிட்டார்கள். உனக்குச் செய்தது ஸ்லீவ். இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பங்கை எடுத்துவிட்டு மீதியைக் குழாய் போல ஆக்குவார்கள், குடலைத் தொடமாட்டார்கள். அதனால் என் அனுபவம் எல்லாமே உனக்குப் பொருந்தாது. அதை மனதில் வைத்துக்கொண்டு படி.

முதல் வருடம் நன்றாகத்தான் இருந்தேன். அப்புறம் தொடங்கியது. சில நாள் காலையிலேயே நாலு முறை போகும். சில வாரம் மூன்று நாளுக்கு ஒன்றுமே இருக்காது. சாயங்காலமானால் வயிறு பானை போல உப்பிச் சுருட்டிப் பிடிக்கும். முதலில் பார்த்த மருத்துவர் ஐந்து நிமிடத்தில் "ஐபிஎஸ், அதாவது எரிச்சல் குடல் நோய், டென்ஷனைக் குறையுங்கள்" என்று சொல்லி மாத்திரை எழுதிக்கொடுத்தார். அந்த ஒரு பெயரை நம்பி ஒரு வருடம் போனது. அடுத்துப் பார்த்த குடல் மருத்துவர்தான் ஒரு நோட்டுப் போடச் சொன்னார். எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டேன், எவ்வளவு, எத்தனை நிமிடம் கழித்து என்ன ஆனது, மலம் எப்படி இருந்தது. கெட்டியான உருண்டையிலிருந்து வெறும் தண்ணீர் வரை 1 முதல் 7 வரை எண் போட்ட ஒரு படம் கொடுத்தார், அந்த எண்ணை எழுதினால் போதும்.

மூன்று வாரம் எழுதியதும் எங்கள் இரண்டு பேருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. ஒரே பெயருக்குள் மூன்று தொல்லைகள் இருந்தன.

கேசரி, பாயசம், பழச்சாறு என்று இனிப்பாக எது சாப்பிட்டாலும் கால் மணி நேரத்தில் நெஞ்சு படபடத்து, வியர்த்து, படுத்தால் தேவலை என்று ஆகி, அப்புறம் வயிறு போனது. இது டம்பிங். சர்க்கரை வேகமாகச் சிறுகுடலில் இறங்கித் தண்ணீரைக் குடலுக்குள் இழுப்பதால் வருவது. சில நாள் இரண்டு மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை இறங்கிக் கை நடுங்கும், அதுவும் இதன் இன்னொரு முகம். ஸ்லீவ் செய்தவர்களுக்கும் வரலாம் என்றார். இனிப்பை நிறுத்தி, சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காமல் அரை மணி நேரம் தள்ளிக் குடித்ததிலேயே எனக்கு இது பெரும்பாலும் அடங்கிவிட்டது. இரண்டாவது பால். ஐம்பது வருடம் ஒத்துக்கொண்ட பால், ஆபரேஷனுக்குப் பிறகு அரை டம்ளர் குடித்தாலே வாயுவும் பேதியும். நன்றாகப் புளித்த தயிர் இரண்டு கரண்டி எனக்கு ஒன்றும் செய்வதில்லை. இவற்றைக் கழித்த பிறகு மிஞ்சிய வலி, மலம் போனால் கொஞ்சம் குறைகிற அந்தச் சுருட்டல், அதுதான் உண்மையான ஐபிஎஸ்.

இங்கேதான் நான் திண்டாடினேன். ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியில், தசை கரையாமல் இருக்க ஒரு நாளைக்கு 60 கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும், பருப்பும் பாலும் சுண்டலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். ஐபிஎஸ்ஸுக்கு ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய ஃபாட்மேப் உணவுமுறையோ அவற்றையே முதலில் நிறுத்தச் சொல்கிறது. குடலில் சரியாக உறிஞ்சப்படாமல் புளித்து வாயுவாகிற சில கார்போஹைட்ரேட் வகைகளைச் சில வாரம் விலக்கிவிட்டு, ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்க்கும் முறை அது. நம் வீட்டுச் சாம்பாரை யோசித்துப் பார். துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், சில வீட்டில் பூண்டு. மூன்றுமே அந்தப் பட்டியலில் உண்டு.

உணவியல் நிபுணரை வைத்துக்கொண்டு நாலு வாரம் மட்டும் விலக்கினேன். நீயாக ஆரம்பித்துவிடாதே. ஏற்கெனவே நாம் சாப்பிடுவது கையளவு, அதிலும் குறைத்தால் சத்து போய்விடும். திரும்பச் சேர்த்ததில் எனக்கு வெங்காயம்தான் பெரிய எதிரி. துவரம்பருப்பை ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால் இரண்டு கரண்டி தாங்குகிறது, பாசிப்பருப்பு இன்னும் சுகம். பூண்டை எண்ணெயில் வதக்கி எடுத்துவிட்டு அந்த எண்ணெயில் தாளிக்கிறேன், வாசனைக்குக் குறைவில்லை. ரசத்தில் நசுக்கிப் போட்டு அப்புறம் எடுத்தால் பலனில்லை, வாயு உண்டாக்கும் பொருள் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. வெங்காயம் இல்லாத குறையைப் பெருங்காயம் தீர்த்துவைக்கிறது.

நான் மீனிலும் முட்டையிலும் புரதத்தைச் சமாளிக்கிறேன். நீ சைவம் என்பதால் பன்னீர், கெட்டியான டோஃபு இரண்டையும் கேட்டுப் பார். புரதப் பொடி வாங்கினால் டப்பாவின் பின்பக்கத்தைப் படி. இன்யுலின், சார்பிட்டால், மால்டிட்டால் என்று இருந்தால் வைத்துவிடு. இன்யுலின் சிக்கரி வேரில் இருப்பது. இதைக் கேட்ட அன்றே எங்கள் தெருமுனைக் காபிக்கொட்டைக் கடையில் சிக்கரி கலக்காத பொடி அரைத்துத் தரச் சொன்னேன். காபியே கொஞ்சம் குடலைத் தூண்டும்தான், அதனால் காலையில் ஒன்றோடு சரி.

நான் செய்த ஒரு தப்பையும் சொல்லிவிடுகிறேன். மலச்சிக்கலுக்கு இரும்புச்சத்து மாத்திரைதான் காரணம் என்று இரண்டு மாதம் நானாக நிறுத்திவிட்டேன். ஹீமோகுளோபின் 8.9க்கு இறங்கி, மாடிப்படி ஏற மூச்சு வாங்கியது. நிறுத்தாமல் வேறு வகைக்கு மாற்றித் தரச் சொல்லியிருக்க வேண்டும். கால்சியமும் கார்பனேட்டிலிருந்து சிட்ரேட்டுக்கு மாறிய பிறகு சிக்கல் குறைந்தது. இரண்டையும் சேர்த்துப் போடாதே, இரண்டு மணி நேர இடைவெளி விடு. மலச்சிக்கலுக்கு இசப்கோல் என்ற நார்ச்சத்துப் பொடியை ஒரு தேக்கரண்டியில் தொடங்கு, நிறையத் தண்ணீரில் கலந்துதான் குடிக்க வேண்டும், கெட்டியாக விழுங்கினால் அடைத்துக்கொள்ளும்.

சில விஷயங்களை மட்டும் "ஐபிஎஸ்தானே" என்று விட்டுவிடாதே. ரத்தம் போவது, காய்ச்சல், தூக்கத்தில் எழுப்புகிற வலி, வாந்தியோடு விடாத கடும் வலி. எடை வேகமாகக் குறையும்போது பித்தப்பையில் கல் சேரவும் வாய்ப்புண்டு, சாப்பிட்டதும் வலது விலாவுக்குக் கீழே வலித்தால் ஸ்கேன் எடு. வலிக்கு டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் எல்லாம் நீயாக வாங்கிப் போடாதே.

உன் நாத்தனார் "குறுக்கு வழியில் இளைத்தவளுக்கு இதெல்லாம் வரத்தான் செய்யும்" என்றார்களாமே. படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. சர்க்கரை நோயும் முட்டி வலியும் வைத்துக்கொண்டு நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். அந்த மேசையில் படுக்க எவ்வளவு தைரியம் வேண்டும் என்பதும் தெரியும். அவர்களுக்குப் பதில் சொல்லி உன் பலத்தைக் கரைத்துக்கொள்ளாதே.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னாலேயே வைகையில் வந்துவிடுவேன். நான் இப்போதெல்லாம் பஸ் ஏறுவதில்லை, ரயிலில் கழிவறை இருக்கிற நிம்மதியே பாதி வலியைக் குறைத்துவிடுகிறது. மண்டபத்தில் அடுப்படிக்குப் பக்கத்து அறையை நம் இரண்டு பேருக்கும் கேட்டு வை. தயிர்ச்சாதம் நானே பிசைந்து கொண்டுவருகிறேன், பந்தியில் உட்காராவிட்டால் யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

இன்றைக்கே ஒரு நோட்டு வாங்கு. இரண்டு வாரம் எழுதி, பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பு. நானும் பார்க்கிறேன், மருத்துவரிடமும் அதையே காட்டு.

உன்,
சாந்தி