மலையேற்ற – பனிச்சறுக்குச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பயிற்சி வகுப்புகள், முதலுதவிப் பயிற்சி, கயிறு சோதனை எல்லாம் இந்த ஆண்டும் குறையில்லாமல் நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். உறுப்பினர்கள் ஆண்டு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது வேறொன்று. பெருமழையில் மண்ணும் மரமும் வழுக்கிப்போய் வெறும் பாறையாக நிற்கும் அந்தப் பாறைச்சரிவில் ஏறலாமா, பனி விழுந்த பிறகு சறுக்கலாமா என்பதுதான் அது. ஆய்வுக் குழு கண்டதை இங்கே விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

ஆசை நியாயமானது. அமெரிக்காவின் அடிராண்டாக் மலைகளில் இப்படி உண்டான சரிவுகளைத்தான் ஏறுகிறவர்களும் சறுக்குகிறவர்களும் தேடிப் போகிறார்கள். 2011 ஆகஸ்டில் ஐரீன் புயல் கொட்டிய மழையில் அங்கே பல புதிய சரிவுகள் திறந்தன. வழவழப்பான பாறைமேல் மெல்லிய மண்; மழைநீர் ஊறியதும் மண் மரங்களோடு அப்படியே கீழே போய்விடுகிறது. அதே மலைகளின் ரைட் சிகரத்தில், 1999 புயல் மழை உண்டாக்கிய சரிவில், 2000 பிப்ரவரியில் பனிச்சரிவு இறங்கி ஒரு சறுக்கு வீரர் உயிரிழந்தார். புதிதாகத் திறந்த சரிவுக்கு முதல் பனிக்காலத்திலேயே ஓடுவது சரியல்ல என்று குழு சொல்வதற்கு இந்த ஒரு நிகழ்ச்சியே போதும்.

குழு முதலில் எதிர்முகட்டிலிருந்து பைனாகுலரில் பார்த்தது. அப்புறம் சரிவுக்குள் கால் வைக்காமல், ஓரக் காட்டு வழியாகவே மேலே போனது. நடுப்பாறையில் லைக்கன் (பாறையில் மிக மெதுவாக வளரும் பாசி போன்ற படலம்) படர்ந்திருக்கிறது. அந்தப் பகுதி இந்தப் பெருமழைக்கு முன்பே வெளியே தெரிந்த பாறை, நெடுங்காலமாக அசையவில்லை. வலப்பக்கம் பாறை வெளுத்துப் புதிதாக இருக்கிறது, அடியில் கூர்முனை மாறாத கற்கள் கிடக்கின்றன. அங்கே இன்னமும் கல் விழுகிறது. எல்லாவற்றையும்விடக் கவலை தந்தது உச்சி விளிம்பு. விளிம்புக்குப் பின்னால் மண்ணில் நீளவாக்கில் வெடிப்பு ஓடுகிறது, பக்கத்து மரங்கள் சாய்ந்திருக்கின்றன. உறையும்போது நீரின் கன அளவு சுமார் 9 சதவீதம் கூடும். வெடிப்புக்குள் நீர் உறைந்து உருகி உறைய, பாறை கொஞ்சம் கொஞ்சமாக விலகிக்கொண்டே வரும். கனடாவின் டர்டில் மலையிலிருந்து 1903 ஏப்ரல் 29 அதிகாலையில் பெயர்ந்த பாறை, கீழேயிருந்த ஃபிராங்க் ஊரின் ஒரு பகுதியைச் சுமார் ஒன்றரை நிமிடத்தில் மூடியது. நம் சரிவு அந்த அளவு கிடையாது. ஆனால் வெடிப்பு விரிகிறதா என்று பார்க்காமல் அதன் கீழே கயிறு கட்டுவதை நான் ஒப்பமாட்டேன். இரு பக்கமும் அடையாளம் வைத்து இடைவெளியை அளந்திருக்கிறோம். பனி உருகியதும் மறுபடி அளக்க வேண்டும்.

ஏறுவதற்கு இடப்பக்கம் நல்ல பாறை. கைப்பிடி குறைவு, காலணியின் உராய்வை நம்பித்தான் போக வேண்டும். கயிற்றைத் தாங்கும் நங்கூரம் பொருத்த விரிசல்கள் அரிது என்பதால் ஓர மரங்களில்தான் கட்ட முடியும். ஈரம் பட்டால் அந்த உராய்வு போய்விடும். மழை பெய்த மறுநாள் யாரும் போக வேண்டாம்.

சறுக்கு விஷயம் கடினமானது. பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகைச் சாய்வில்தான் பெயர்கின்றன. நம் சரிவின் நடுப்பகுதி முழுக்க அந்த வரம்புக்குள் வருகிறது. பனியைப் பிடித்து நிறுத்த அங்கே மரமோ புதரோ கிடையாது. உருகிய நீர் பாறைக்கும் பனிக்கும் நடுவே ஓடினால் மொத்தப் பனியும் வழுக்கிவிடும். அடிவாரத்தில் சரிவு குறுகி ஓடைப் பள்ளத்தில் முடிகிறது. அங்கே சிறிய பனிச்சரிவுகூட ஒருவரை ஆழமாகப் புதைத்துவிடும். புதைந்தவரை முதல் பத்து, பதினைந்து நிமிடத்துக்குள் எடுத்தால்தான் நம்பிக்கை. ஆகவே டிரான்ஸீவரும் (புதைந்தவர் இருக்குமிடத்தைச் சமிக்ஞையால் காட்டும் கருவி), பனிக்குள் குத்திப் பார்க்கும் தேடுகம்பும், மண்வாரியும் ஒவ்வொருவர் கையிலும் இருக்க வேண்டும், ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே இறங்க வேண்டும். அடியில் குவிந்த கற்களுக்கிடையே ஆள் விழுமளவு பொந்துகள் உண்டு. முதல் பனி அவற்றை மறைக்குமே தவிர நிரப்பாது. கோடையில் எடுத்த படங்களில் அவற்றைக் குறித்து வைத்திருக்கிறோம். சறுக்கப் போகிறவர்கள் அந்தப் படங்களை நேரில் இடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும் என்பது குழுவின் நிபந்தனை, என் விருப்பமும் அதுவே.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைப்பது இவ்வளவுதான்: இடப்பக்கப் பாறை, காய்ந்த நாட்களில், ஹெல்மெட்டோடு ஏறத் திறக்கலாம். வலப்பக்கமும் உச்சி விளிம்பும் மூடியே இருக்கட்டும். சங்கத்தின் பெயரில் இந்தப் பனிக்காலம் அங்கே சறுக்கு கிடையாது. குழு பனியைத் தோண்டி அடுக்குகளைப் பார்த்து, வெடிப்பை மறுபடி அளந்து, அடுத்த கூட்டத்தில் அறிக்கை தரும். அந்த வேலைக்கு இன்னும் ஆட்கள் தேவை. வர விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுக்கவும்.

செயலாளர்