குதிரைக் கொட்டகைக்குப் பணம் வாங்கிக்கொண்டு வண்டி ஷெட் போட்டுக் கொடுத்தது குறித்துப் புகார்

அனுப்புநர்:
உங்கள் வாடிக்கையாளர்,
தேன்கனிக்கோட்டை வட்டம், கிருஷ்ணகிரி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர்,
ஷெட் ஒப்பந்த நிறுவனம், ஓசூர்.

ஐயா,

கல்யாண ஊர்வலத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் குதிரை விட்டுப் பிழைப்பவன் நான். என்னிடம் இரண்டு பெட்டைக் குதிரைகள் இருக்கின்றன. வெயிலுக்கும் மழைக்கும் அவை தாமாக வந்து ஒதுங்க, மூன்று பக்கம் அடைத்து ஒரு பக்கம் திறந்த கொட்டகை ஒன்று கேட்டேன். 24 அடி நீளம், 12 அடி அகலம். ரூ.1,60,000 என்று பேசி, 15,000 பாக்கி போக மீதியைக் கொடுத்தாயிற்று.

எங்கள் பக்கம் ஆனி, ஆடியில் காற்று மேற்கிலும் தென்மேற்கிலும் இருந்து அடிக்கும். அதனால் முதுகு மேற்கே, வாசல் கிழக்கே என்று கொட்டேஷனிலேயே எழுதி வாங்கினேன். நான் தர்மபுரிக்கு ஒரு முகூர்த்தத்துக்குப் போயிருந்த நேரத்தில், உங்கள் ஆட்கள் வாசலை மேற்கே வைத்துத் தூண் நட்டு காங்கிரீட்டும் போட்டுவிட்டார்கள். "ரோட்டைப் பார்த்து இருந்தால்தான் எடுப்பா இருக்கும்" என்றார் சூப்பர்வைசர். குதிரை ரோட்டைப் பார்த்து என்ன செய்யப் போகிறது? காற்று நேராக உள்ளே புகுந்து கூரையைக் குடை போலத் தூக்குகிறது. திருகுகள் இப்போதே தளர்ந்துவிட்டன.

சரிவும் தலைகீழ். முன்பக்கம் 11 அடி, பின்பக்கம் 9 அடி வைத்தால்தான் தண்ணீர் பின்னால் விழும். நீங்கள் வைத்திருப்பதில் முன்பக்கம் எட்டடிகூட இல்லை. மழைத் தண்ணீர் முழுக்க வாசலில் கொட்டிச் சேறாகிக் கிடக்கிறது. ஓயாமல் அந்த ஈரத்தில் நின்றால் குளம்பு அழுகும். தலையைத் தூக்கினால் பைப்பில் இடிக்கிறது என்று இரண்டும் மழையிலேயே வெளியே நிற்கின்றன.

இதையெல்லாம்கூடப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். பக்கவாட்டு ஷீட்டைத்தான் பொறுக்க முடியவில்லை. உள்பக்கம் நாலடி உயரத்துக்குக் கனமான மரப்பலகை அடிப்பதாகப் பேச்சு. ஒரு பலகைகூட அடிக்கவில்லை. வெறும் தகரம் நிற்கிறது, அதுவும் தரைக்கு ஒரு சாண் மேலே முடிகிறது. அறுத்த விளிம்பை மடக்கவும் இல்லை, பட்டி வைத்து மூடவும் இல்லை. விரலை ஓட்டினாலே அறுக்கிறது. குதிரை படுத்துப் புரண்டு எழும் பிராணி. கால் அந்த இடைவெளிக்குள் போகத்தான் செய்யும். போன வாரம் சின்னவளுக்குப் பின்னங்கால் மாட்டி, குளம்புக்கு மேலே தோல் கிழிந்து தொங்கியது. கால்நடை டாக்டர் தையல் போட்டு, ரண ஜன்னிக்கு (டெட்டனஸ்) ஊசியும் போட்டார். மாட்டைவிடக் குதிரைக்கு அந்த ஜன்னி சுலபமாக வரும், வந்தால் பிழைப்பது அரிது. ஆவணி முகூர்த்தங்களுக்கு வாங்கிய அட்வான்ஸை இப்போது திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கிராவல் கொட்டித் திமிசு போடச் சொன்ன தரையில் வழவழவென்று சிமெண்ட் பூசியிருக்கிறீர்கள். லாடம் அடித்த கால் அதில் நிற்காது.

"குதிரைக்கெல்லாம் இந்தப் பக்கம் யார் சார் கொட்டகை போட்டிருக்கிறார்கள்?" என்று உங்கள் ஆள் கேட்டார். 1824-ல் பட்டாளத்துக் குதிரைகளுக்காகத் தொடங்கிய மத்திகிரி பண்ணை உங்கள் ஆபீஸிலிருந்து கூப்பிடு தூரம்.

தகர விளிம்பை உடனே மூடிப் பலகை அடித்துத் தர வேண்டும். அப்புறம் கூரையைப் பிரித்து, கொட்டேஷனில் உள்ளபடி கிழக்கே திருப்பிப் போட வேண்டும். தரையையும் மாற்ற வேண்டும். வைத்தியச் செலவும் உங்களுடையது. வேலை முடியும்வரை அந்த 15,000 கேட்டு போன் செய்ய வேண்டாம்.

குதிரையை வாடகைக்கு விடுகிறவன் வியாபாரி, நுகர்வோர் அல்ல என்றும் உங்கள் ஆள் சொன்னார். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவரும் நுகர்வோர்தான் என்கிறது 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணமும் இல்லை. கொட்டேஷன் நகல், ரசீதுகள், காயத்தின் படங்கள், மருந்துச் சீட்டு எல்லாம் இத்துடன் இருக்கின்றன. கடிதம் கிடைத்த 15 நாளில் ஆள் வராவிட்டால், இவை கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்