பேனல் யாருடையது?

அன்புள்ள சேகர்,

நாலு மாதமாகப் பதில் போடாத தப்பு என்னுடையதுதான். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். வீட்டில் எல்லாரும் சுகம். வீட்டை விற்றாகிவிட்டது.

நீ சோலார் போடப் போகிறாய், அதுவும் முன்பணம் இல்லாத லீஸில் என்று மூர்த்தி சொன்னான். கையெழுத்துப் போட்டுவிடாதே. அதற்காகத்தான் ராத்திரியோடு ராத்திரியாக எழுதுகிறேன்.

என் வீட்டைப் பார்க்க வந்தவர்கள், கூரையில் பேனலைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "இது உங்களோடதா, கம்பெனியோடதா?" லீஸ் என்றால் பேனல் கம்பெனியுடையது, நீ தவணை கட்டிக்கொண்டிருப்பாய்; வீட்டை விற்றால் மீதித் தவணை வாங்குகிறவர் தலையில் விழும், இல்லாவிட்டால் நீ மொத்தமாகக் கட்டித் தீர்க்க வேண்டும். அவர் பெயருக்கு மாற்றக் கம்பெனி சம்மதமும் தேவைப்படும். நீயோ ஐந்து வருடத்தில் வீட்டை விற்கிற யோசனையில் இருப்பவன்.

சொந்தப் பேனலுக்கு மதிப்பு உண்டு. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் 8 மாநிலங்களில் சுமார் 22,000 வீட்டு விற்பனைகளை ஆராய்ந்து 2015இல் சொன்னது இதுதான்: சொந்த சோலார் உள்ள வீடு கூடுதல் விலைக்குப் போகிறது. ஆனால் பேனல் பழசாக ஆக அந்தக் கூடுதல் சரசரவென்று இறங்குகிறது. என்னுடையது 9 வருடப் பழசு. பேனலுக்கு 25 வருட உத்தரவாதம் இருந்தாலும் பேனல் தரும் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டரை 10, 15 வருடத்தில் புதிதாகப் போட வேண்டியிருக்கும். வாங்கியவர் அதைச் சொல்லித்தான் விலையைக் குறைத்தார். வருத்தமாக இருந்தது, ஆனால் நியாயம்.

எனக்கு ஆறாதது கூரையின் வெப்பத்தடுப்பு விஷயம். பேனலை எல்லாரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். இது கண்ணுக்குத் தெரியாததால் மதிப்பு போட வந்தவர் ஒரு வரிகூட எழுதவில்லை. அது போட்ட பிறகுதானே அம்மா மதியத்தில் மேல் அறையில் தூங்கினாள்! அப்புறம் வாங்க வந்தவரை வெயில் உச்சியில் அந்த அறைக்குக் கூட்டிப்போனேன். உள்கூரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "சூடே இல்லையே" என்றார். போடுவதற்கு முந்தைய வருடத்து 12 மின்கட்டண ரசீதுகளையும் பிந்தைய வருடத்து 12 ரசீதுகளையும் தரையில் பரப்பினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மாதத்துக்கு மாதம் ஒப்பிட்டார். அதற்கு மேல் பேரம் பேசவில்லை.

உன் வீட்டு ஜன்னல் இடுக்குகளில் காற்று விசிலடிக்கும், செல்வி பயந்தாளே, நினைவிருக்கிறதா? முதலில் அதை அடை. ரசீதுகளைத் தூக்கிப் போடாதே. லீஸ் ஒப்பந்தத்தை இன்றைக்கே எனக்கு அனுப்பு, நானும் ஒரு தடவை படிக்கிறேன்.

உன்,
ரவி