சித்தி வருவதற்குள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

சித்தியும் சித்தப்பாவும் அக்டோபர் கடைசி வாரம் மார்செய் வருகிறார்கள். பாரிஸில் பெரியண்ணன் வீட்டில் இறங்கி, அங்கிருந்து ரயிலில் வருவார்களாம். உனக்கும் சொல்லிவிட்டதாகவும், நீ "சரி சித்தி, வாங்க" என்று பதில் போட்டதாகவும் சித்தி சொன்னாள். நல்லது. எனக்கும் அப்படி ஒரு வரி போட்டிருந்தால் இந்த வாரம் கொஞ்சம் தூங்கியிருப்பேன். சரி, இரவு டியூட்டி, அசதி, எல்லாம் தெரியும், நான் ஒன்றும் கேட்கவில்லை.

நீ இருக்கிற ஊரைப் பற்றி நான் சொல்ல வேண்டுமா என்று நினைக்காதே. ஆஸ்பத்திரி விட்டால் அறை, அறை விட்டால் ஆஸ்பத்திரி என்று இருப்பவள் நீ. போன வருஷம் வந்திருந்தபோது உன்னைவிட நான்தான் அந்த ஊரை அதிகம் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக்கொடுத்தவளுக்கு அப்படி ஓர் ஊர் கிடைத்தால் சும்மா இருக்க முடியுமா. தாத்தா கப்பலிலிருந்து இறங்கியதும் அங்கேதான் என்பது வேறு.

முதல் நாள் காலையில் பழைய துறைமுகத்துக்கு அழைத்துப் போ. காலையிலேயே போக வேண்டும், மத்தியானத்துக்கு மேல் போனால் மீன் மேஜைகளை எடுத்துவிடுவார்கள். சித்தப்பா வைத்திக்குப்பத்துக்காரர், படகிலிருந்து இறக்கி அங்கேயே விற்கிற மீனைப் பார்த்தால் அவருக்கு மற்றதெல்லாம் அப்புறம்தான். பக்கத்திலேயே 2013-ல் கட்டிய அந்தக் கண்ணாடிக் கூரை இருக்கிறதே, அண்ணாந்து பார்த்தால் நாமே தலைகீழாகத் தெரிவோமே, அதற்குக் கீழே சித்தியை நிற்கவைத்து ஒரு படம் எடு. அப்புறம் நகரசபை வாசலிலிருந்து எதிர்க்கரைக்குப் போகிற குட்டிப் படகில் ஏற்று. சில நிமிஷம்தான், ஆனால் இரண்டு பக்கமும் கோட்டை தெரிய நடுத் தண்ணீரில் போவது அவர்களுக்குப் பிடிக்கும்.

கி.மு. 600 வாக்கில், இன்றைய துருக்கிக் கரையில் இருக்கும் ஃபோக்கேயாவிலிருந்து கிரேக்கர்கள் கப்பலேறி வந்து குடியேறிய குடா அது. அதைச் சொல்லிக் காட்டு, சித்தப்பா கேட்பார். 1967-ல் கடை வளாகம் கட்டத் தோண்டியபோது அந்தப் பண்டைக்காலத் துறைமுகம் மண்ணுக்குள்ளிருந்து கிளம்பியது, இப்போது அதைத் தோட்டமாக்கி, ஒட்டினாற்போல் சரித்திர மியூசியமும் வைத்திருக்கிறார்கள். ரோமர் காலத்து மரக்கப்பல் ஒன்று உள்ளே இருக்கிறது. எனக்கு அந்தக் கப்பலைவிட வெளியே நிற்கிற கல் சுவர்தான் மனசில் நின்றது. இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் ஆகியும் நிற்கிறது. சுவர் என்றால் அப்படி இருக்க வேண்டும்.

மலைமேல் மாதா கோவிலுக்கு நடந்து ஏற்றாதே. சித்தப்பாவுக்கு முழங்கால் வீங்கிவிடும், அவர் வெளியே சொல்ல மாட்டார். துறைமுகத்திலிருந்து 60-ஆம் நம்பர் பஸ் கோவில் வரைக்கும் போகிறது. ஊர்க்காரர்கள் 'போன் மேர்' என்கிற அந்தத் தங்க முலாம் பூசிய மாதா சிலை 11 மீட்டருக்கு மேல் உயரம், ஊரில் எங்கே நின்றாலும் தெரிகிறது. கோவிலை மந்திரித்தது 1864-ல். உள்ளே கூரையிலிருந்து சின்னச் சின்னக் கப்பல் பொம்மைகள் தொங்குவதைச் சித்திக்குக் காட்டு. புயலில் தப்பித்து வந்த மாலுமிகள் காணிக்கையாகக் கொடுத்தவை. வேளாங்கண்ணியில் போர்த்துக்கீசிய மாலுமிகள் கதை கேட்டு வளர்ந்தவள் அவள், அங்கே நின்று கட்டாயம் அழுவாள், அழட்டும், நீ அவசரப்படுத்தாதே. சுவரெல்லாம் நன்றி சொல்லி எழுதிய பளிங்குக் கற்கள். நானும் உனக்காக ஒரு மெழுகுதிரி ஏற்றிவிட்டுத்தான் வந்தேன். வெளிச்சுவரில் 1944 ஆகஸ்டில் ஜெர்மன்காரர்களை விரட்டிய சண்டையின் குண்டுக் காயங்கள் இன்னும் இருக்கின்றன, அவற்றை மூடாமல் விட்டிருக்கிறார்கள். சேதமான சுவரை மூடி மறைக்காமல் வைத்திருப்பது எனக்குச் சரியாகப் பட்டது.

நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனில் முகம் ஒட்டிப்போய்த் தெரிகிறது.

பனியே பகுதிக்கு அழைத்துப் போகும்போது மெதுவாக நடத்திப் போ, ஏற்றம் அதிகம். மேலே வியேய் ஷாரித்தே இருக்கிறதே, அந்த மூன்றடுக்கு வளைவு மண்டபமும் நடுவில் முட்டை வடிவக் கூரை போட்ட சிற்றாலயமும், அது 17-ஆம் நூற்றாண்டில் ஏழைகளைப் பிடித்து அடைத்துவைக்கக் கட்டியது. பியேர் புஷே என்கிற அந்த ஊர்ச் சிற்பிதான் வரைந்தார். இப்போது மியூசியம், அழகுதான், ஆனால் யாருக்காகக் கட்டினார்கள் என்பதையும் சொல்லு.

அங்கிருந்து துறைமுகத்துக்கு இறங்கும்போது வீடுகள் திடீரென்று ஒரே மாதிரி, ஒரே உயரமாக, புதிதாகத் தெரிகின்றன. நான் அந்த இடத்தில் நின்று ஒரு பாட்டியிடம் என் ஃபிரெஞ்சில் கேட்டேன், அவர் கையைப் பிடித்து நிறுத்திச் சொன்னார். 1943 ஜனவரியில் ஜெர்மன் ராணுவமும் ஜெர்மனியோடு ஒத்துப்போன விஷி பிரெஞ்சு அரசின் போலீசும் சேர்ந்து அந்தப் பகுதியைச் சுற்றி வளைத்து, 20 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வீட்டைவிட்டு வெளியேற்றினார்கள். யூதர்களையும் இன்னும் பலரையும் முகாம்களுக்கு அனுப்பினார்கள். அடுத்த மாதம் சுமார் 1,500 கட்டடங்களை வெடி வைத்துத் தகர்த்தார்கள். நகரசபைக் கட்டடத்தையும், கல்லில் வைரம் வைரமாகச் செதுக்கிய அந்தப் பழைய வீட்டையும், இன்னும் ஒன்றிரண்டையும்தான் விட்டுவைத்தார்கள். ஒரு மனுஷிக்குத் தன் தெருவே இல்லாமல் போவது எப்படி இருந்திருக்கும். அன்றிரவு உன்னிடம் இதைச் சொன்னேன், நீ பாதியிலேயே தூங்கிவிட்டாய்.

மியூசெம் என்கிற கடலோர மியூசியத்துக்கு டிக்கெட் எடுக்காவிட்டாலும் பரவாயில்லை, மொட்டை மாடிக்கும் சேன் ஜான் கோட்டைக்கும் போக காசு கிடையாது. கறுப்புக் கான்கிரீட்டில் வலை பின்னிய மாதிரி மேல்போர்வை, அதற்குள் கடல் வெளிச்சம் விழும். மாடியிலிருந்து கோட்டைக்குப் போகிற பாலம் 115 மீட்டர், நடுவில் தூண் ஒன்றும் இல்லை. சித்தப்பா பொதுப்பணித் துறையில் இருந்தவர், அதை விட்டு நகர மாட்டார். அவர் கண் கட்டடம் பார்த்த கண். எந்தச் சுவரைப் பார்த்தாலும் சொல்லிவிடுவார்.

காற்று இல்லாத நாளாகப் பார்த்து இஃப் தீவுக் கோட்டைக்குப் படகு எடு. மிஸ்த்ரால் அடித்தால் படகு விடமாட்டார்கள், ஏமாந்து திரும்ப வேண்டும். எல்லோரும் 'மான்டே கிறிஸ்டோ' நாவலில் வருகிற கைதியின் அறையைப் பார்க்கத்தான் போகிறார்கள். நீ காண்டாமிருகத்தைப் பற்றிச் சொல்லு. குஜராத் சுல்தான் கொடுத்த காண்டாமிருகம் கோவா வழியாக லிஸ்பனுக்குப் போனது. அதைப் போர்ச்சுகல் ராஜா போப்பாண்டவருக்குப் பரிசாக அனுப்பியபோது, 1516-ல் கப்பல் அந்தத் தீவில் நின்றது. பிரெஞ்சு ராஜா முதலாம் பிரான்சுவா நேரில் வந்து பார்த்தார். கோட்டை கட்டுவதற்கு முந்தைய கதை. பாவம், அங்கிருந்து புறப்பட்ட கப்பல் இத்தாலிக் கரையில் உடைந்து அது மூழ்கிப்போயிற்று. என் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் கண் விரியும்.

அதே கோட்டையில்தான் கிராண்ட் சேன்த் அந்துவான் கப்பலின் கேப்டனை அடைத்தார்கள். 1720 மே மாதம் அது மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையிலிருந்து துணிச் சரக்கோடு வந்து நின்றது. வழியிலேயே ஆட்கள் செத்திருந்தார்கள், அது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் சரக்கு சந்தைக்குப் போயாக வேண்டும் என்ற அவசரம், பங்கு வைத்திருந்தவர்கள் ஊர்ப் பெரிய மனிதர்கள், முறையாகக் குவாரண்டைனில் வைக்காமல் இறக்கவிட்டார்கள். சுமார் 90 ஆயிரம் பேர் வாழ்ந்த ஊரில் கிட்டத்தட்ட பாதிப்பேர் பிளேக்கில் போய்விட்டார்கள். கேப்டன்தான் சிறைக்குப் போனார், பெரிய மனிதர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. தெரிந்திருந்தும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டதுதான் பாப்பா. தெரியாமல் நடந்தது இல்லை.

சித்திக்கு சோப்பு வாங்கிக் கொடு. வண்ணவண்ணமாக வாசனை போட்டு விற்பதை வாங்காதே, 72 சதவீதம் என்று முத்திரை குத்திய பச்சைக் கட்டியை வாங்கு. சேன் விக்தோர் மடத்துக்குப் பக்கத்தில் 1781-லிருந்து இருக்கிற பேக்கரியில் படகு வடிவ பிஸ்கட், நவேத், அதையும் ஒரு பெட்டி. பிப்ரவரி 2 காணிக்கை மாதா திருநாளில் பச்சை மெழுகுதிரியோடு பவனி வந்து அதை வாங்கிப் போவார்களாம், அவர்கள் வருவது அக்டோபர், இருந்தாலும் பிஸ்கட் எப்போதும் உண்டு. புய்யாபேஸ் என்கிற மீன் சாறு விலை அதிகம், முன்கூட்டியே சொல்லிவைத்து ஒரு வேளை மட்டும் சாப்பிடவை, சாறு தனியாக மீன் தனியாகத்தான் வரும் என்று சித்தப்பாவுக்கு முதலிலேயே சொல்லிவிடு. பணம் அவர்கள் கொடுக்கட்டும், நீ கொடுக்காதே.

இவ்வளவும் காட்டியபின் நுவாய் சந்தைக்கு வருவார்கள், வெண்டைக்காயும் பச்சை மிளகாயும் பார்த்துச் சந்தோஷப்படுவார்கள், அப்புறம் உன் அறையைப் பார்க்க வேண்டும் என்பார்கள். அங்கே என்ன செய்வாய்?

அந்தப் பேச்சை எடுக்க மாட்டேன் என்று பாஸ்கா அன்றைக்கு உனக்குச் சத்தியம் பண்ணினேன். தெரியும். அதை மீறுகிறேன், மாதா மன்னிப்பாள். நான் வந்தபோது ஜன்னலுக்கு மேலிருந்து மூலைக்கு இறங்கிய விரிசலில் என் நகம் போனது. மே மாதம் வீடியோவில் பார்த்தபோது விரல் போகும்போல இருந்தது. அதற்குப் பிறகு நீ சமையல் மேடையைப் பின்னால் வைத்து உட்கார்ந்துதான் பேசுகிறாய். ஒரே ஒரு நாள் மறந்துபோய்த் திரும்பினாய், அங்கே நான் கொடுத்த மாதா காலண்டர் தொங்கியது. ஜன்னலுக்கு மேலே அந்த உயரத்தில் யார் காலண்டர் மாட்டுவார்கள்? தேதி பார்க்க ஏணியா வைப்பாய்? போன மாதம் வாசல் கதவு சாத்தவே வரவில்லை, தோளால் இடித்துத் தள்ளுகிறேன் என்று தம்பியிடம் சிரித்துக்கொண்டே சொன்னாயாமே.

ஓபாஞ் தெருவில் குடியிருந்தவர்களும் அதைத்தான் சொன்னார்கள். கதவு சிக்குகிறது, சுவர் விரிகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 2018 நவம்பர் 5, காலை 9 மணி வாக்கில், மழை பெய்து ஊறிய நேரம், கட்டடம் விழுந்தது, 8 பேர் போனார்கள். உன் அறையிலிருந்து நடந்து போகிற தூரம். நான் அந்தக் காலி இடத்தில் நின்று ஜெபமாலை சொன்னேன், உன்னிடம் சொல்லவில்லை. பக்கத்துச் சதுக்கத்துக்கு அந்தத் தேதியையே பெயராக வைத்திருக்கிறார்கள். 2024-ல்தான் வழக்கு விசாரணைக்கே வந்தது. நம் புதுச்சேரியில் மேரி என்கிற பழைய நகரசபைக் கட்டடமும் 2014 நவம்பர் மழையில்தான் விழுந்தது. பழுதானது என்று ஊருக்கே தெரியும், பெருமையாகப் பேசினோமே தவிர யாரும் தொடவில்லை. உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு அந்த வழியாகத்தான் அழைத்துப் போவேன். இப்போது அதே மாதிரி திரும்பக் கட்டிவிட்டார்கள், கட்டடத்தைத் திரும்பக் கட்டலாம். இப்போது அக்டோபர் பாதி ஆகிவிட்டது.

வாடகை குறைவு என்றுதானே அங்கே இருக்கிறாய். அப்பாவின் மருந்துக்கு அனுப்புவதைப் பாதியாகக் குறை, வேண்டாம், இரண்டு மாதம் அனுப்பவே அனுப்பாதே. என் பென்ஷன் வருகிறது, தம்பி சம்பாதிக்கிறான். நீ அந்த நாட்டில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்வதைச் சம்பா கோவில் பூசை முடிந்து வெளியே வரும்போது கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி வருகிறேன். ஊரார் உயிரைக் காப்பாற்றுகிற பெண், தன் தலைக்கு மேலே இருப்பதைக் காலண்டரால் மூடுகிறாள் என்று நான் யாரிடம் சொல்வேன்?

நகரசபையில் ஆபத்தான கட்டடங்களுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது, வாடகைக்கு இருப்பவரே எழுதலாம், வீட்டுக்காரர் அனுமதி தேவையில்லை. படம் எடுத்துத் தேதி போட்டு அனுப்பு. அவர்கள் வந்து பார்த்து ஆணை போட்டால் அடுத்த மாதத்திலிருந்து வாடகை கொடுக்க வேண்டியதில்லை. குடியிருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டால் மாற்று இடம் பார்த்துத் தர வேண்டியது வீட்டுக்காரர், அவர் கைவிட்டால் நகரசபை. 2018-க்குப் பிறகு ஆயிரக்கணக்கானவர்களை அப்படி வெளியே கொண்டுவந்தார்கள், நீ ஒன்றும் புதிதாகக் கேட்கப்போவதில்லை. அதுவரைக்கும் உன்கூட வேலை செய்கிற அந்த வில்லியனூர்ப் பெண் வீட்டில் இரு. அவள் அம்மாவிடம் நான் பேசிவிட்டேன். கோபப்படு, பரவாயில்லை.

சித்தி கையில் வடகமும் எலுமிச்சை ஊறுகாயும் வருகிறது. கழுத்தில் துணி சுற்றாமல் அந்தக் காற்றில் போகாதே. வேளாவேளைக்குச் சாப்பிடு. தம்பிக்குப் பெண் பார்க்கிறோம், அதைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கூப்பிடுவேன். காலண்டரைக் கழற்றி வைத்துவிட்டு, போனை அந்தச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு எடு. சித்தப்பாவும் இங்கே என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்.

அம்மா