அத்தானுக்கு மருந்து கொடுக்கப் பயப்படாதையுங்கோ

ஸ்காபரோ, கனடா,
தை 18.

அன்புள்ள அக்கா,

நாங்கள் நல்ல சுகம். உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் நல்லூரானை வேண்டுகிறேன். ராணி மாமியின் மகன் மிளகாய்த்தூளையும் உங்கள் கடிதத்தையும் பத்திரமாகக் கொண்டுவந்து தந்தான். தூள் பைக்குள்ளேயே கடிதத்தையும் வைத்திருக்கிறீர்கள். வாசிக்கிறபோது தும்மல் ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம்.

ஃபோனில் கேட்டால் பிள்ளைகளுக்குக் கேட்கும் என்று எழுதியிருந்தீர்கள். சரி, நானும் எழுதியே பதில் சொல்கிறேன். அத்தானைத் தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு விட்டதும், இனி நோ இல்லாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னதும் தம்பி முன்னமே சொன்னவன். நீங்கள் எழுதின மற்ற விஷயம்தான் எனக்குப் புதிது. குஞ்சியம்மா வந்து, நோவுக்குத் தந்த மோர்பின் குளிசையைப் பார்த்துவிட்டு, "இது பொலிஸ் பிடிக்கிற சாமானெல்லோ, நீ கொடுத்து மனிசனுக்கு ஏதும் நடந்தால் உன்னைத்தான் கேட்பாங்கள்" என்று சொல்லிப்போட்டுப் போயிருக்கிறா. அன்றிலிருந்து நீங்கள் குளிசையைப் பாதியாக உடைத்துக் கொடுத்துக்கொண்டு, "நான் கொடுத்து அவருக்கு ஏதும் நடந்தால் என்னைப் பிடிப்பாங்களோ" என்று என்னைக் கேட்கிறீர்கள். அக்கா, முதலில் அந்த உடைக்கிறதை நிற்பாட்டுங்கோ. மெதுவாகக் கரைகிற குளிசை என்றால் உடைக்கவே கூடாது. பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு இருக்க வேண்டிய மருந்து ஒரேயடியாக உடம்புக்குள் இறங்கிவிடும். எந்த வகை என்று கிளினிக் கொப்பியில் இருக்கும். பிள்ளை யாழினியை அதைப் படம் பிடித்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கோ.

இங்கே குளிர் இந்த முறை கொஞ்சம் கூட. காலையில் பஸ்ஸுக்கு நிற்கிறபோது கண் இமையில் பனி பிடிக்கும். பேஸ்மென்ற் என்றபடியால் காற்று அடிக்காது, அது ஒரு நன்மை. ஹீற்றரைக் குறைத்து வைத்துப் போர்த்துக்கொண்டு படுத்தால் நல்ல நித்திரை வரும். இவருக்குப் பழைய இடத்தில் வேலை குறைந்துவிட்டது, புது இடம் பார்க்கிறார், அதைப் பெரிசாக எடுக்காதையுங்கோ. நான் பகலில் ஒரு இடம், பின்னேரம் ஒரு இடம் என்று போகிறேன். நேரம் போறது தெரியாது. சாப்பாட்டுக்குக் குறையில்லை. தமிழ்க் கடையில் முருங்கைக்காய், பாரை மீன், ஒடியல் மா எல்லாம் கிடைக்கும், விலையைப் பார்க்காமல் வாங்கினால்.

பக்கத்து வீட்டு இத்தாலிக்காரக் கிழவரைப் பற்றி முந்தியும் சொன்னனான், மரத்தைப் புதைக்கிற மனிசன். அவருடைய வளவில் ஒரு அத்தி மரம் நிற்கிறது. ஊரில் இருந்து கொண்டுவந்த கன்றாம். இந்தக் குளிருக்கு அது தாங்காது. அதனால் ஒவ்வொரு இலையுதிர் காலமும் கொப்புகளை வெட்டிக் கட்டி, ஒரு பக்கத்து வேரை அறுத்து, மரத்தை அப்படியே கிடங்குக்குள் சாய்த்து, மேலே பலகையும் மண்ணும் போட்டு மூடுவார். வசந்தத்தில் தோண்டி நிமிர்த்துவார். அது காய்க்கவும் செய்யும்! நான் புட்டுக் கொடுத்தால் அதில் ஒலிவ் எண்ணெய் ஊற்றிச் சாப்பிடுவார். பாவம் புட்டு.

அந்தக் கிழவரின் மனிசிக்குக் கணையத்தில் புற்றுநோய். போன கார்த்திகையில் வீட்டிலேயே போய்ச் சேர்ந்தா. நீங்கள் கேட்ட கேள்விக்கு மறுமொழி அந்த வீட்டில் இருக்கிறபடியால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இங்கே வீட்டில் வைத்துப் பார்க்க விரும்பினால் டொக்டரும் நேர்ஸும் வீட்டுக்கு வருவார்கள். ஆனால் இரவு இரண்டு மணிக்கு நோ வந்தால் நேர்ஸ் வந்து சேருமட்டும் யார் பார்க்கிறது? வீட்டு ஆட்கள்தான். அதற்கென்று ஒரு மருந்துப் பெட்டி வரும். நோவுக்கு, பதற்றத்துக்கு, சத்திக்கு, தொண்டையில் சளி கரகரக்கிறதுக்கு என்று தனித்தனி மருந்து. நேர்ஸ் சின்னச் சிறிஞ்சுகளில் மருந்தை இழுத்து, ஒவ்வொன்றிலும் பெயரும் அளவும் எழுதி ஒட்டி, பூட்டுப் பெட்டியில் வைத்துவிட்டுப் போவா. கிழவியின் மேல் கையில் தோலுக்குக் கீழே மெல்லிய ஊசி ஒன்று ஏற்கெனவே ஏற்றியிருக்கும், அதிலிருந்து ஒரு குட்டிக் குழாய். அந்தக் குழாயின் வாயைத் துடைத்து, சிறிஞ்சைப் பொருத்தி, மெதுவாக அமத்த வேண்டும். புதிதாகக் குத்தத் தேவையில்லை. கிழவருக்குக் கை நடுக்கம். குசினி மேசையில் வெறும் தண்ணீரை வைத்துத்தான் நேர்ஸ் அவரைப் பழக்கினா.

என்னைக் கேட்டார், "நீ இந்த வேலைதானே செய்கிறாய், நீ போட்டு விடேன்" என்று. ஏலாது என்றேன். இந்த ஒன்ராறியோ மாகாணத்தில் 1991ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது, பி.எஸ்.டபிள்யூ வகுப்பில், அதுதான் நோயாளிகளைப் பராமரிக்கிற என் வேலைக்கான வகுப்பில், படித்தது. ஊசி மருந்து ஏற்றுகிறதை டொக்டர், நேர்ஸ் போல அனுமதி உள்ளவர்கள்தான் செய்யலாம், மற்றவர்கள் செய்தால் குற்றம். ஆனால் அதே சட்டத்தின் 29ஆம் பிரிவில் ஒரு விலக்கு வைத்திருக்கிறார்கள். தன் வீட்டில் இருக்கிற ஆளுக்கு வைத்தியம் பார்க்கிறவருக்கு அந்தத் தடை இல்லை. சான்றிதழும் சம்பளமும் உள்ள நான் வேலைக்குப் போகிற வீடுகளில் அந்தச் சிறிஞ்சைத் தொட என் கொம்பனி விடாது. பக்கத்து வீட்டுக்காரியாகப் போனாலும் நான் அந்த வீட்டு ஆள் இல்லை. எண்பது தாண்டிய, கை நடுங்குகிற மனிசன் போடலாம். முதலில் எனக்கு இது விசராகப் பட்டது. இப்போது யோசித்தால் சட்டம் செய்ததுதான் சரி. இரவில் முழித்திருக்கப் போகிறது அவர்தானே.

அவருடைய மகள் லீவு எடுத்துக்கொண்டு வந்து நின்றவ. குடும்பத்தில் ஒருவர் 26 கிழமைக்குள் இறக்கக்கூடும் என்று டொக்டர் எழுதிக் கொடுத்தால், 28 கிழமை மட்டும் லீவில் நிற்கலாம், வேலையைப் பறிக்க ஏலாது. முதலாளி சம்பளம் தரத் தேவையில்லை. அரசாங்கத்தின் வேலைக் காப்புறுதியில் 26 கிழமை வரை சம்பளத்தில் 55 வீதம் கிடைக்கும், அதற்கும் ஒரு உச்ச வரம்பு உண்டு. நானும் அத்தானைச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாமோ என்று யோசித்தனான். 55 வீதத்தில் வாடகை... அதை விடுங்கோ. டிக்கட்டும் இப்போது சரியான விலை. சித்திரைக்குப் பார்ப்போம்.

இனித்தான் நான் சொல்ல வந்த விஷயம். கிழவர் ஒரு கொப்பியில் நேரம், மருந்து, அளவு எல்லாம் எழுதிக்கொண்டே வந்தார். கடைசி இரவு ஒரு ஊசி போட்டிருக்கிறார். மூச்சு வரவர இடைவெளி விட்டு, விடியப்புறம் நின்றுவிட்டது. நான் போனபோது கதிரையில் இருந்துகொண்டு "நான்தான் கொன்றேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர்கள் 911க்கு அடிக்கவில்லை. அடித்தால் அம்புலன்ஸ்காரர் வந்து நெஞ்சை அமத்தத் தொடங்கிவிடுவார்கள் என்பதால், அது வேண்டாம் என்று டொக்டர் முதலே ஒப்பமிட்ட படிவம் ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்தது. நேர்ஸைத்தான் கூப்பிட்டார்கள். அவ வந்து மரணத்தை உறுதி செய்து, கொப்பியை எடுத்து அவருக்குப் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு வரியாகக் காட்டினா. நேற்றைக்குப் போட்ட அதே அளவு, முந்தாநாளும் அதே அளவு, டொக்டர் எழுதின அளவு. "கடைசி ஊசி என்று ஒன்று இருக்கத்தானே வேண்டும், அதற்காக அந்த ஊசி கொன்றதென்று இல்லை" என்றா. மிச்ச மருந்தை எண்ணி எழுதினார்கள், பிறகு மகள் பாமசியில் கொண்டுபோய்க் கொடுத்தா. பொலிஸ் வரவில்லை. ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நோவை அடக்க, எழுதின அளவில் கொடுக்கிறது ஒன்று. உயிரை எடுக்கவென்று கொடுக்கிறது வேறு. இரண்டாவதற்கு இங்கே 2016இல் தனிச் சட்டமே வந்தது. நோயாளி தானே கேட்டு, இரண்டு பேர் பார்த்து, படிவம் நிரப்பிச் செய்கிற காரியம் அது. கிழவர் செய்தது அதுவல்ல, நீங்கள் செய்யப்போகிறதும் அதுவல்ல.

குஞ்சியம்மா சொன்னது முழுப் பொய்யும் இல்லை. எங்கடை நாட்டில் 1929ஆம் ஆண்டின் அபாயகர ஔடதக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. 1984இல் திருத்தினபோது ஹெரோயினோடு மோர்பினையும் சேர்த்துக் கடும் தண்டனை வைத்தார்கள். அது கடத்துகிறவனுக்கும் விற்கிறவனுக்கும் களவாக வைத்திருக்கிறவனுக்கும். ஆஸ்பத்திரி டொக்டர் எழுதித் தந்ததை, எழுதின ஆளுக்கு, எழுதின அளவில் கொடுக்கிற மனிசிக்கு இல்லை. உங்களுக்குக் காவல் டொக்டர் எழுதித் தந்த மருந்துத் துண்டும் கிளினிக் கொப்பியும்தான். இரண்டையும் மருந்தோடு ஒரே பெட்டியில் போட்டுப் பூட்டுங்கோ. ஒழுங்கையில் திரிகிற பெடியளின் கதையும் கேள்விப்படுகிறேன், அதனால் திறப்பு உங்கள் இடுப்பிலேயே இருக்கட்டும். ஒரு கொப்பியில் திகதி, நேரம், எத்தனை குளிசை என்று எழுதுங்கோ. நோ வருமட்டும் காத்திருக்காமல் நேரத்துக்குக் கொடுங்கோ. மலச்சிக்கல் கட்டாயம் வரும், அதற்கும் சேர்த்து மருந்து கேளுங்கோ. கூப்பிட்டும் எழும்பாமல் கிடந்தால், மூச்சு வழமையைவிடக் குறைந்தால், அடுத்த குளிசை கொடுக்க முதல் டொக்டருக்கு அடியுங்கோ. நோ அடங்காவிட்டாலும் நீங்களாகக் கூட்ட வேண்டாம், கேட்டுக் கூட்டுங்கோ.

கடிதத்தின் அடியில் ஒரு வரியாக எழுதியிருந்தீர்கள், கறுத்தக்கொழும்பான் மாமரத்தைத் தறித்துவிட்டோம், ஓட்டில் சாய்ந்துகொண்டு நின்றது என்று. நீங்கள் சாதாரணமாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். நான் அந்த இடத்தோடு கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். இங்கே மாம்பழம் பெட்டி பெட்டியாக வரும், மெக்சிக்கோ மாம்பழம், பாகிஸ்தான் மாம்பழம். ஆனி மாதம் அத்தான் கொக்கத்தடியோடு நிற்க, நானும் தம்பியும் கீழே சாக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது நினைவுக்கு வந்தது. ஒரு காய் நிலத்தில் விழுந்தால் அத்தான் எப்படிக் கத்துவார்! எனக்கு இப்போது அங்கே வந்து அவருக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் இருக்க வேண்டும் போல இருக்கிறது, அக்கா. வேறு ஒன்றும் வேண்டாம்.

சரி, காணியை மறக்க முதல் எழுதிவிடுகிறேன். கிழக்குப் பக்கத்துத் துண்டு இன்னும் அத்தானின் பெயரில்தான் இருக்கிறது. யாழினிக்கு எழுதுகிறதென்றால் இப்போதே எழுத வேண்டும். தம்பியோடு கதைத்தனான், முத்திரைச் செலவில் பாதியைத் தான் பிரான்சில் இருந்து அனுப்புகிறேன் என்றவன், மறந்துபோவான், நீங்களும் ஒரு முறை ஞாபகப்படுத்துங்கோ. நொத்தாரிசை வீட்டுக்கே கூப்பிடலாம். குளிசை கொடுத்து நோ அடங்கி, தலை தெளிவாக இருக்கிற நேரம் எது என்று உங்கள் கொப்பியைப் பார்த்தாலே தெரியும், அந்த நேரத்துக்கு வரச் சொல்லுங்கோ. சுயபுத்தியோடு இருக்கிறார் என்று டொக்டரிடம் ஒரு துண்டு எழுதி வாங்கி வைத்தால், பிறகு பெரியப்பா ஆட்கள் வாய் திறக்க மாட்டார்கள். சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும். அதிபரையும் கடைக்காரச் சிவத்தையும் கேளுங்கோ. குஞ்சியம்மாவைக் கேட்க வேண்டாம்.

மாப்பிள்ளை பகுதி யாழினியின் சாதகக் குறிப்பைத் திருப்பித் தந்ததைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. பொருந்தவில்லையா, சீதனம் காணாதா? ஒளிக்காமல் எழுதுங்கோ.

உங்கள் அன்புத் தங்கச்சி,
வசந்தி

பி.கு: இந்த மாதக் காசு கொஞ்சம் பிந்தும். சீட்டு எனக்கு விழுந்தவுடனே அனுப்புவேன். அதற்குள் கிளினிக்குக்குப் போக ஓட்டோக் காசு தேவையென்றால் ராணி மாமியிடம் வாங்குங்கோ, நான் அவவின் மகனிடம் இங்கே கொடுத்துவிடுகிறேன்.