நீலத் தொட்டிக்குள்ள சாத்தே குச்சி

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

இங்க சிங்கப்பூர்ல எங்க புளோக் வாட்ஸ்அப் குரூப்புல போன வாரம் ஒரு சண்டை. ரீசைக்கிள் சாமானுக்குன்னு கீழ வச்சிருக்குற நீலத் தொட்டி வழிஞ்சு கெடக்கு, நாத்தம் தாங்கல, கரப்பான் பூச்சி ஓடுதுன்னு ஒருத்தர் போட்டோ போட்டாரு. ஒடனே இன்னொருத்தர், எதுக்குங்க இந்தப் பிரிச்சுப் போடுற வேலையெல்லாம், கடைசியில எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டி எரிக்கத்தானே போறாங்க, அதுக்குத்தானே மாசாமாசம் பில்லுல பத்து வெள்ளி போலக் கட்டுறோம்னு எழுதினாரு. அதுக்கு வரிசையா கட்டைவிரல். நானும் பதில் எழுதலாம்னு டைப் பண்றதும் அழிக்கிறதுமா அரைமணி நேரம் ஒக்காந்திருந்தேன். அங்க எழுதினா தீபாவளிக்குப் பலகாரத் தட்டு வராது, அதான் உங்களுக்கு எழுதுறேன். நீளமாப் போச்சுன்னா வெட்டிக்கங்க.

முதல்ல ஒண்ணை ஒத்துக்கணும், அவர் சொல்றது முழுப் பொய் இல்ல. நீலத் தொட்டியில விழறதுல ஏறக்குறைய 40 விழுக்காடு ரீசைக்கிள் பண்ண லாயக்கில்லாததுன்னு தேசியச் சுற்றுப்புற வாரியமே பல வருஷமா சொல்லிக்கிட்டு இருக்கு, அதெல்லாம் கடைசியில எரிக்கத்தான் போகுது. ஆனா ஏன் லாயக்கில்லாமப் போச்சுன்னு கேட்டா பதில் நம்ம வீட்டுல இருக்கு. நீலத் தொட்டிக்கு வர்ற லாரி வேற, சூட் குப்பைக்கு (மாடியிலேர்ந்து குழாய் வழியாக் கீழ விழற குப்பை) வர்ற லாரி வேற. நீலத் தொட்டி லாரி போற எடத்துல பெல்ட் ஓடும், ஆளுங்க வரிசையா நின்னு கையால பேப்பர் தனி, பிளாஸ்டிக் தனி, டின் தனின்னு பொறுக்குவாங்க. நடுவுல யாரோ பாதி சாப்ட்ட நாசி பிரியாணி டப்பாவை அப்படியே போட்டிருந்தா அந்தக் கொழம்பு சுத்தி இருக்குற பேப்பர் அட்டை மொத்தத்துலயும் ஊறிடும். எண்ணெய் ஊறுன அட்டையை எந்த ஆலையும் வாங்காது. அதாவது ஒரு வீட்டுக்காரர் செஞ்சதுல பத்து வீட்டுக்காரர் கழுவிக் காயவச்சுப் போட்டது வீணாப் போகுது, அப்பறம் அந்தப் பத்துப் பேரும் எதுக்கு வம்புன்னு விட்டுடுறாங்க. 2018ல வீட்டுக் குப்பையில 22 விழுக்காடு ரீசைக்கிள் ஆச்சு, 2023ல அது 12. இதுக்கு நாம மட்டும் காரணம்னு சொல்லல, வெளிநாட்டுல பழைய பேப்பருக்கு விலை விழுந்தது, கப்பல் கூலி ஏறினது எல்லாம் இருக்கு. ஆனாலும் கொழம்பு நம்ம கொழம்புதான.

இப்ப நான் எழுத வந்த விஷயம். எங்க புளோக்கைக் கூட்டிப் பெருக்குற தம்பி புதுக்கோட்டைப் பக்கத்துக்காரரு. காலையில நான் கோப்பி வாங்கப் போகும்போது ரெண்டு வார்த்தை பேசுவோம். ஒரு நாள் பாத்தா வலது கையில பிளாஸ்திரி, விரல் வீங்கிக் கெடக்கு. என்ன தம்பின்னா, ஒண்ணுமில்ல அங்கிள், நீலத் தொட்டி வழிஞ்சு கீழ கெடந்ததை அள்ளிப் போட்டேன், பைக்குள்ள சாத்தே குச்சி (கறியைக் குத்திச் சுடுற கூரான குச்சி) இருந்திருக்கு, கிளவுசைத் தாண்டி எறங்கிடுச்சுன்னாரு. கோழிச் சாறு ஊறி ரெண்டு நாள் வெயில்ல கெடந்த குச்சி. கிளினிக்குக்குப் போனீங்களான்னேன். விடுங்க அங்கிள் ஆறிடும்னாரு. எனக்கு அன்னிக்குக் கோப்பி எறங்கல, ஏன்னா முந்தின சனிக்கிழமை பேரப்பிள்ளைங்க வந்திருந்தப்ப எங்க வீட்டுலயும் முப்பது குச்சி சாத்தே தாப்பாவ் பண்ணினோம், அதாவது கடையில கட்டி வாங்கினோம், அந்தக் குச்சியெல்லாம் யாரு எங்க போட்டாங்கன்னு எனக்குத் தெரியல. மனைவியைக் கேட்டேன், அவங்களுக்கும் தெரியல.

எங்க அப்பா குப்பை லாரியில வேலை பாத்தவரு. எழுபதுகள்ல. அரசாங்கம் மாறி, இலாகா மாறி எத்தனையோ ஆயும் கடைசி வரைக்கும் அவருக்கு அது "முனிசிபல் வேலை"தான். அந்தக் காலத்துல அந்த வேலையில நம்ம ஆளுங்க நெறைய, அதனாலயே சில வீடுகள்ல எங்களுக்குத் தனி டம்ளர் (இங்க சிங்கப்பூர்லதான், ஊர்ல இல்ல, இதையும் அச்சுல போடுங்க). அப்பாவோட இடது உள்ளங்கையில குறுக்க ஒரு தழும்பு இருக்கும், ஒடைஞ்ச பாட்டில் கிழிச்சது. அதுக்கப்பறம் எங்க வீட்டுல கண்ணாடி ஒடைஞ்சா ஒரு சடங்கே நடக்கும். பழைய பேப்பர்ல நாலு சுத்து சுத்தி, கயிறு கட்டி, மேல பெருசா "கண்ணாடி"ன்னு நான் எழுதணும், எழுதிட்டுப் பக்கத்துலயே இங்கிலீஷ்லயும் எழுதணும். அப்பாவுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. அவரோட லாரியில வர்ற சீனக் கூட்டாளிக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அதான் ரெண்டும்.

அவங்க கொண்டுபோய்க் கொட்டின எடம் லோரோங் ஹாலுஸ். 1970லேர்ந்து 1999 மார்ச் வரைக்கும் அங்கதான் கொட்டினாங்க. உலு பாண்டான்ல முதல் எரியாலை வந்ததே 1979லதான், அதுக்கு முன்னாடி எல்லாக் குப்பையும் அப்படியே மண்ணுக்குள்ள. அப்பா வேலை முடிஞ்சு வந்தா குளிக்காம வாசப்படி தாண்ட மாட்டாரு. இப்ப நான் ஹவ்காங்குல இருக்கேன், வாரத்துல ரெண்டு நாள் அதே லோரோங் ஹாலுஸ்லதான் நடக்கப் போறேன். பொங்கோல் பக்கம் போற சிவப்புப் பாலம், பறவை, கல்யாண ஜோடி வந்து போட்டோ எடுக்குறது, பாத்தா குப்பைமேடுன்னு யாரும் நம்ப மாட்டாங்க. ஆனா குப்பை எங்கயும் போகல, காலுக்குக் கீழதான் இருக்கு. மழைத்தண்ணி அதுக்குள்ள எறங்கி அழுகினது, துருப்பிடிச்சது எல்லாத்தையும் கரைச்சுக்கிட்டு கஷாயம் மாதிரி வடியும். அந்தத் தண்ணி பக்கத்துல இருக்குற செராங்கூன் நீர்த்தேக்கத்துக்குள்ள போயிடக் கூடாதுன்னு அதைத் தனியாப் புடிச்சு, கோரைப்புல்லு வளர்த்த குளங்கள் வழியா விட்டுச் சுத்தம் பண்றாங்க. அதுக்காகவே 2011ல கட்டின சதுப்பு நிலம்தான் நாம செல்ஃபி எடுக்குற அழகான எடம். எங்க அப்பா இறந்தே பல வருஷம் ஆச்சு, அவர் கொட்டின குப்பைக்கு இன்னும் பணிவிடை நடக்குது.

லோரோங் ஹாலுஸை மூடினதும் செமாக்காவ் ஆரம்பிச்சாங்க, 1999 ஏப்ரல். தரையில எடம் இல்லாமக் கடலுக்குள்ள போனோம். செமாக்காவ், சாக்கேங்னு ரெண்டு தீவையும் சேர்த்து 7 கிலோமீட்டருக்குக் கல் அணை கட்டி, கசியாம இருக்க விரிப்பும் களிமண்ணும் போட்டு, 350 ஹெக்டர்ல ஒரு குப்பைத் தீவு. குப்பையை எரிச்ச சாம்பலை மேற்கு ஓரத்துல இருக்குற துவாஸ்ல பார்ஜ் கப்பல்ல ஏத்தி ராத்திரியில கொண்டு போறாங்க. நல்லாத்தான் செஞ்சிருக்காங்க, அதுல குறை சொல்ல மாட்டேன், அழிஞ்ச சதுப்புக் காட்டுக்குப் பதிலா மறுபடியும் கன்று நட்டு வளர்த்திருக்காங்க. சாக்கேங்ல மீன் புடிச்சுக்கிட்டு தண்ணிக்கு மேல கம்பு வீட்டுல இருந்த மலாய்க் குடும்பங்களைத் தொண்ணூறுகள்ல அடுக்குமாடிக்கு மாத்தினாங்க. நம்ம குப்பைக்கு எடம் விட்டவங்க அவங்க. பள்ளிக்கூடப் பிள்ளைங்க செமாக்காவைச் சுத்திப் பாக்கப் போனாங்கன்னா பவளப் பாறை, நட்சத்திர மீன் பத்திச் சொல்றாங்க, அந்த மனுஷங்களைப் பத்தியும் ஒரு வார்த்தை சொல்லலாம்.

எரிச்சா அளவு பத்துல ஒரு பங்கா சுருங்கிடும், அதனால பிரச்சினை முடிஞ்சதுன்னு நம்ம ஆளுங்க நெனச்சுக்கிறாங்க. மீதி ஒரு பங்கு போட எடம் வேணுமே. செமாக்காவ் 2045 வரைக்கும் தாங்கும்னு போட்ட கணக்கு இப்ப 2035ன்னு நிக்குது. எரிக்கும்போது வர்ற பொகையில இருக்குற நஞ்சை சுண்ணாம்பு, கரித்தூள், வடிகட்டிப் பை எல்லாம் வச்சுப் புடிக்கிறாங்க, ஆனா புடிச்ச அந்தத் தூளையும் எங்கயாவது வைக்கத்தானே வேணும். நாம "தூக்கிப் போட்டேன்"னு சொல்றோம் பாருங்க, தூக்கி எங்க போட்டோம்னு பின்னாடியே போனா லோரோங் ஹாலுஸ், துவாஸ், செமாக்காவ், அந்தத் தம்பியோட விரல்.

குரூப்புல இன்னொரு அக்கா எழுதினாங்க, ஃபைன் போட்டா எல்லாம் சரியாயிடும்னு. எனக்கு அதுல நம்பிக்கை இல்ல. யாரு போட்டாங்கன்னு நீலத் தொட்டியில எப்படிக் கண்டுபுடிப்பாங்க, நூறு வீட்டுக்கு ஒரு தொட்டி. சின்னக் காசு வேலை செய்யும், அதைக் கண்ணால பாத்திருக்கோம். 2023 ஜூலையில பெரிய சூப்பர்மார்க்கெட்டுல பைக்குக் கொறஞ்சது 5 காசுன்னு ஆனப்ப எல்லாரும் புலம்பினோம், இப்ப எங்க வீட்டுக் கதவுக்குப் பின்னாடி பத்துத் துணிப்பை தொங்குது. பிளாஸ்டிக் பானப் போத்தலுக்கும் டின்னுக்கும் 10 காசு வச்சு, திருப்பிக் குடுத்தா திரும்பத் தர்ற திட்டம் 2026 ஏப்ரல்லேர்ந்துன்னு வச்சிருக்காங்க, அது புடிக்கும்னுதான் நெனக்கிறேன். சின்ன வயசுல எஃப் அண்ட் என் (F&N) சோடாக் கண்ணாடிப் போத்தலைக் கடையில திருப்பிக் குடுத்துக் காசு வாங்கி மிட்டாய் தின்னவங்கதானே நாம, புதுசா என்ன இருக்கு. பழைய சாமான் வாங்குற கராங்குனிக்காரர் ஹாரன் அடிச்சுக்கிட்டு வர்றப்ப பேப்பரைக் கட்டி வச்சிருப்போமே, கொழம்பு பட்ட பேப்பரை அவர்கிட்ட நீட்டிப் பாத்திருக்கீங்களா, மூஞ்சிலயே திருப்பி எறிவாரு. எதுத்தாப்புல ஒரு மனுஷன் நின்னு வாங்கினாரு, அதனால சுத்தமாக் குடுத்தோம். இப்ப நிக்குறது தொட்டி, அது வாயைத் திறக்காது.

இன்னொரு பக்கமும் இருக்கு. ஒரு மனுஷன் தாப்பாவ் பண்ற ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு டப்பா, மூடி, ரெண்டு சம்பல் டப்பா, கரண்டி, பைன்னு குடுத்துட்டுக் கழுவிப் போடு கழுவிப் போடுன்னு வீட்டுக்காரர்கிட்ட மட்டும் சொல்றது ஞாயமில்ல. முதல்ல குப்பை வராம இருக்கணும், அதுக்கப்பறம்தான் ரீசைக்கிள். பழைய டிவி, ஃபோனுக்கு 2021லேர்ந்து செய்யுற, எறக்குமதி பண்ற கம்பெனிக்காரங்களே பொறுப்புன்னு சட்டம் வந்திருக்கு, சாப்பாட்டு டப்பாவுக்கும் அப்படி வரணும்ங்கிறது என் கருத்து. அடுக்குப் பாத்திரம் எடுத்துக்கிட்டுப் போனா அங்காடி நிலையத்துல எனக்குக் கொஞ்சம் கூடவே போடுறாங்க, அது தனி சந்தோஷம்.

தீபாவளி வேற வருது. வருஷா வருஷம் அந்த வாரத்துல எங்க நீலத் தொட்டியைப் பாக்கணும். பழைய மெத்தை உறை, பிள்ளைங்க பொம்மை, முறுக்கு சுட்ட எண்ணெயை ஊத்தி வச்ச போத்தல், அதுவும் மூடி சரியா மூடாம. துணியும் பொம்மையும் நீலத் தொட்டிக்குப் போகாது. எண்ணெயை சிங்க்குல ஊத்தாம போத்தல்ல ஊத்தினது நல்ல புத்திதான், ஆனா பழைய பேப்பர் இல்ல டிஷ்யூல உறிஞ்சவிட்டுக் கட்டி சூட்ல போடுறதை விட்டுட்டு அதைப் பேப்பர் அட்டைக்கு நடுவுல வச்சா என்ன ஆகும். ஃபோம் டப்பா போகாது, டிஷ்யூ போகாது, சாப்பாடு ஒட்டின எதுவும் போகாது. போத்தல், டின், கண்ணாடி, பேப்பர், அட்டை போகும், உள்ள லேசா அலசிட்டா போதும், சோப்புப் போட்டுத் தேய்க்கணும்னு யாரும் சொல்லல. இதைத் தீபாவளிக்கு முன்னாடி உங்க பேப்பர்ல ஒரு மூலையில பெட்டி கட்டிப் போட்டீங்கன்னா வெட்டி எங்க லிஃப்ட் பக்கத்துல ஒட்டுவேன். தொட்டி மேல எழுதியிருக்குற எழுத்து சின்னது, எங்க வயசுக்காரங்களுக்குத் தெரியல.

சாத்தே குச்சி இப்ப எங்க வீட்டுல சூட்டுக்குத்தான் போகுது. கூரான முனையை ஒடிச்சு, பால் அட்டைப் பெட்டிக்குள்ள போட்டு, டேப் ஒட்டி. பழக்கதோஷம், மேல "குச்சி, குத்தும்"னு தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் எழுதினேன். அந்தத் தம்பிகிட்ட காட்டினேன், சிரிச்சாரு. அங்கிள், கீழ சூட் தொட்டியை இழுக்குறது பங்களாதேஷ் பையன், அவனுக்கு இது ரெண்டுமே படிக்கத் தெரியாதுன்னுட்டு, என் பேனாவை வாங்கி ஒரு கையை வரைஞ்சு விரல் நுனியில ஒரு சொட்டு ரத்தம் போட்டுக் குடுத்தாரு.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஹவ்காங்