சங்கு வெறும் சத்தமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 மே 7 அன்று அபாயச் சங்கு (சைரன்) ஊதி நடந்த போர்க்கால ஒத்திகை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், "சங்கு வெறும் சத்தம்தான், அதைச் செய்த பட்டறைகள் மூடிப்போனதில் யாருக்கும் நட்டமில்லை" என்று ஒரு வரி. அப்படி மூடிப்போன கோவைப் பட்டறை ஒன்றில் 23 வருடம் பிட்டராக இருந்தவன் நான். எங்கள் பட்டறை எந்தச் சந்தில் இருந்தது என்று உங்களுக்கே தெரியும். தெரிந்திருந்தும் அந்த வரியை எப்படி ஐயா அச்சுக்கு விட்டீர்கள்?

எங்கள் சங்கின் மோட்டார் நிமிடத்துக்கு 2,880 சுற்று, அதாவது விநாடிக்கு 48. அது சுற்றும் ரோட்டாரில், அதாவது சுழலும் உருளையில், பத்து ஜன்னல் வெட்டினால் காற்று விநாடிக்கு 480 முறை அறுபடும். அதுதான் சுருதி. பன்னிரண்டு ஜன்னல் என்றால் 576. ரோட்டாருக்கும் வெளிக்கூட்டுக்கும் இடையே சந்து கூடினால் சத்தம் செத்துவிடும்; குறைந்தால் உரசும். அலுமினிய வார்ப்பைத் தண்டில் மாட்டி, இரண்டு கத்திமுனைப் பட்டைகள் மேல் உருளவிடுவோம். கனத்த பக்கம் கீழே வந்து நிற்கும். அங்கே சாக்பீஸில் குறி போட்டு, துளையிட்டுக் கழிப்போம். எப்படி வைத்தாலும் வைத்தபடி நிற்கும்வரை இதே வேலை. ஒரு ரோட்டாருக்கு முழு நாளும் போனதுண்டு. முதல் ஓட்டம் ஊருக்கு வெளியே கல்குவாரியில். என் இடது காது அங்கேதான் போனது.

அதே கட்டுரையில், 1950-களில் அமெரிக்காவின் கிரைஸ்லர் கம்பெனி 180 குதிரைத்திறன் எஞ்சினைப் பூட்டிச் செய்த சங்குக்குப் படத்தோடு அரைப் பக்கம். நல்ல சங்குதான், மறுக்கவில்லை. எங்களுக்குக் கிடைத்தது அந்த ஒரு வரி.

நகராட்சிச் சங்கைக் கேட்டு உலை வைத்த ஊர்கள் இவை. ஒரு நகராட்சி எங்கள் பில்லை நான்கு வருடம் இழுத்தடித்தது. முதலாளி வீட்டம்மாவின் வளையலை அடகு வைத்து எங்களுக்குச் சம்பளம் போட்டார். பட்டறையை மூடியபோது வார்ப்புக்கு அச்சு எடுக்கும் மரப் பேட்டர்ன்களை விறகு விலைக்கு எடுத்துப் போனார்கள். அதை நின்று பார்த்தேன்.

கைபேசியே போதும் என்கிறார் கட்டுரையாளர். 2018 கஜா புயலில் பட்டுக்கோட்டைப் பக்கம் இருக்கும் என் சம்பந்தி வீட்டுக்கு நாலு நாள் போன் போகவில்லை. கரண்ட் இல்லாத நேரத்துக்கென்றே கையால் சுற்றும் சங்கும் செய்தோம். ஒரு பையன் சுற்றினால் போதும், தெரு முழுக்கக் கேட்கும். 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவில் பூமி அதிர்ந்து இரண்டு மணி நேரத்துக்கும் மேல் கழித்துத்தான் அலை நம் கரைக்கு வந்தது. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். அந்த இரண்டு மணி நேரத்தை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை. வெறும் சத்தமாம்!

போன மாதம் ஒரு நகராட்சிக் கட்டட மாடியில் நாங்கள் செய்த சங்கு ஒன்றைப் பார்த்தேன். கூடெல்லாம் துரு. கம்பெனித் தகட்டைக் காணோம். தண்டைக் கையால் தள்ளினேன், உரசாமல் சுற்றியது.

அடுத்த இதழில் மூலையில் இரண்டு வரி போட்டால் போதும் ஐயா. இன்னும் சங்கு வைத்திருக்கும் ஊர்க்காரர்கள் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பேரிங்குக்குக் கிரீஸ் வைக்கட்டும். மாதம் ஒரு முறை ஒரு நிமிடம் ஓட்டட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பிட்டர்,
கோயம்புத்தூர்